தனி ஆளாக எல்க் வேட்டை: எந்த மாநிலத்தில் டேக் போடலாம்?

ஹூஸ்டனில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, மூணு வருஷமா டெக்சாஸ்ல வில்லோட மான் வேட்டைக்குப் போயிட்டிருக்கேன். அடுத்த செப்டம்பர்ல தனியா எல்க் வேட்டைக்குப் போகணும். கொலராடோவா, ஐடஹோவா, வயோமிங்கா?" கூடவே ஒரு அட்டவணையும் அனுப்பியிருந்தார். பெரிய மானான எல்க் எந்த மாநிலத்தில் எத்தனை, டேக் (ஒரு விலங்கை அடிக்க மாநிலம் தரும் அனுமதிச் சீட்டு) என்ன விலை, அது குலுக்கலில் விழ எத்தனை பாயிண்ட் (வருடா வருடம் சேர்த்து வைக்கும் முன்னுரிமைப் புள்ளி) வேண்டும் என்று பொறுமையாக உட்கார்ந்து தயாரித்தது. அடித்த பிறகு கறியை எப்படி வண்டிக்குக் கொண்டுவருவது என்பதற்கு மட்டும் அதில் இடம் இல்லை.

நாலு பேராகப் போகிறவர்கள் அதைக் கடைசியில் யோசிக்கலாம். தனி ஆளுக்கு அதுதான் முதல் கேள்வி. மாநிலம், யூனிட் (மாநிலத்துக்குள் பிரித்திருக்கும் வேட்டைப் பகுதி), எந்த வாரம் போவது, எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் ஊர் மிளாவைப் பார்த்தவர்களுக்கு எல்க்கின் உருவம் ஓரளவு பிடிபடும். வளர்ந்த ஆண் எல்க் 700 பவுண்டு, அதாவது 300 கிலோவுக்கு மேல். எலும்பை எடுத்துவிட்டு வெறும் கறியாகக் கட்டினாலே 200 பவுண்டு தேறும். மலையில் முதுகில் 50 பவுண்டு ஏற்றிக்கொண்டு கால் நடுங்காமல் இறங்குவதுதான் என்னால் முடிந்தது. அப்படியென்றால் கறிக்கு 4 நடை. கொம்புக்கும் கூடாரச் சாமானுக்கும் ஒன்று. ஆக 5 நடை. சுமையோடு 5 முறை வண்டிக்கு வர வேண்டும், நடுவில் வெறும் முதுகோடு 4 முறை திரும்பப் போக வேண்டும். வண்டி 2 மைல் தள்ளி நின்றால் மொத்தம் 18 மைல். 5 மைல் தள்ளி நின்றால் 45 மைல்.

இந்தக் கணக்கை நான் வீட்டில் போட்டிருக்க வேண்டும். போட்டது கொலராடோவில், கன்னிசன் பக்கத்துக் காட்டில், முதல் தடவை தனியாகப் போனபோது. கூட்டம் இல்லாத இடம் வேண்டும் என்று சாலையிலிருந்து 5 மைல் உள்ளே போய்க் கூடாரம் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஒரு ஆண் எல்க் வந்து நின்றது. 35 கஜம். விலாவைக் காட்டி நின்றது. மூச்சு விடும்போது மூக்கிலிருந்து ஆவி வருவது தெரிந்தது, ஈர ரோமத்தின் வாடை என் வரைக்கும் வந்தது. நாணை முழுக்க இழுத்துவிட்டேன். அப்போதுதான் முந்தின நாள் மதியம் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடையில் தண்ணீர் பிடித்தது ஞாபகம் வந்தது. அவ்வளவு வெயில். இதை அடித்தால் முதல் இரண்டு நடையிலேயே பொழுது சாய்ந்துவிடும். மிச்சக் கறி கெட்டுப்போகும். மெதுவாக நாணைத் தளர்த்தி வில்லை இறக்கினேன். அது என் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு நடந்து போனது. அன்று மதியமே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கறி கெடுவது வெளியிலிருந்து தொடங்குவதில்லை. பின்தொடை எலும்பைச் சுற்றி, இடுப்பு மூட்டில் சூடு அடங்காமல் நின்று, அங்கிருந்து புளிக்க ஆரம்பிக்கும். கறியை விட்டுவிட்டு வருவது சட்டப்படியும் குற்றம். கொலராடோவில் நாலு கால், முதுகுச் சதை, உள்சதை எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கத்தான் வேண்டும். ஒரு உயிரை எடுத்துவிட்டு அதை அழுகவிடுவதைப் போலப் பாவம் வேட்டையில் வேறு இல்லை.

சரி, மாநிலங்களுக்கு வருவோம்.

வயோமிங் எல்லோருக்கும் பிடித்த இடம். எல்க் நிறைய, ஆள் குறைவு, செப்டம்பர் மாதம் முழுக்க வில் வேட்டை. வில் காலத்தில் கிடைக்காவிட்டால் அதே டேக்கோடு துப்பாக்கி சீசனுக்கும் போகலாம். ஆனால் தனியாகப் போகிற வெளிமாநிலத்தவருக்கு அங்கே ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. மத்திய அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுப் பகுதிகளில் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்குகளை வேட்டையாட வேண்டுமானால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ அதற்கான அனுமதி வாங்கிய உள்ளூர் நண்பரோ கூட இருக்க வேண்டும். அதே காட்டில் தனியாக மலையேறலாம், மீன் பிடிக்கலாம். வேட்டை மட்டும் கூடாது. பிரிட்ஜர், டீட்டன், வாஷாக்கி என்று வரைபடத்தில் கண்ணைப் பறிக்கும் இடங்கள் பலவும் இதில் அடங்கிவிடும். மிச்சப் பகுதிகளுக்கான பொது டேக் விழவும் சில வருடப் பாயிண்ட் சேர வேண்டும். வழக்கமான டேக் 700 டாலர் அளவில் இருக்கிறது. வாய்ப்பைக் கூட்டிக்கொள்ள 'ஸ்பெஷல்' பக்கம் போனால் 1,950 டாலர். முதல் வேட்டைக்கு இது வேண்டாம். ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரை 52 டாலர் கட்டி எல்க் பாயிண்ட் வாங்கலாம். வருடம் ஒன்றாக வாங்கி வையுங்கள், பின்னால் உதவும்.

அங்கே தனியார் நிலத்தின் மூலையைத் தாண்டி அரசு நிலத்திலிருந்து அரசு நிலத்துக்குக் கால் வைப்பது அத்துமீறலா என்று பல வருடம் வழக்கு நடந்தது. 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. பொது நிலத்தை நம்பி வேட்டைக்குப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு மனசு நிறைந்த செய்தி அது.

மொன்டானாவில் சீசன் நீளம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி அக்டோபர் நடு வரை ஆறு வாரம். அக்டோபரில் குளிரும் வந்துவிடுவதால் கறிக்கு நல்லது. செலவு 1,000 டாலரைத் தாண்டும், விண்ணப்பம் ஏப்ரல் 1-க்குள். ஆனால் மேற்கிலும் தென்மேற்கிலும் நல்ல எல்க் காடுகள் பல கிரிஸ்லி கரடி நடமாடும் காடுகளும்தான். வில் வேட்டைக்காரர் செய்வதையெல்லாம் யோசித்துப் பாருங்கள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் சத்தமில்லாமல் நடக்கிறோம், எல்க் மாதிரியே குரல் கொடுக்கிறோம், கடைசியில் ரத்த வாடைக்கு நடுவே குனிந்து மணிக்கணக்கில் கறி வெட்டுகிறோம். 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வில்டர்னஸில், முந்தின மாலை அம்பெய்த எல்க்கை மறுநாள் அறுத்துக்கொண்டிருந்த இருவரைக் கிரிஸ்லி தாக்கியது. அனுபவமுள்ள வழிகாட்டி இறந்துபோனார். அவர்கள் இருவராக இருந்தார்கள். தனி ஆள் என்றால் கறியை அங்கேயே வைத்துவிட்டு நாலு முறை போய்ப் போய் வர வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கறியருகே கரடி காத்திருக்கலாம். அனுபவம் வந்த பிறகு கரடி ஸ்பிரேயோடு, துணையோடு போங்கள். தனியாக, முதல் தடவையாக என்றால் என் வாக்கு இதற்கு இல்லை.

நியூ மெக்சிகோ நேர்மையான குலுக்கல். பாயிண்ட் என்பதே கிடையாது. பத்து வருடமாக விண்ணப்பிக்கிறவருக்கும் இந்த வருடம் புதிதாக வருகிறவருக்கும் ஒரே வாய்ப்பு. வெளிமாநிலத்தவருக்கான பங்குதான் சிறியது: 84 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு, 10 விழுக்காடு வழிகாட்டியோடு வருகிறவர்களுக்கு, மிச்சம் 6 விழுக்காடு நமக்கு. ஹீலா காட்டின் ஆண் எல்க்குகளுக்காக நாடெங்கும் இருந்து ஆள் விண்ணப்பிக்கிறார்கள். மார்ச் நடுவில் டேக் பணத்தை முழுக்க முன்பணமாகக் கட்டி, விழாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போட்டு வையுங்கள், ஆனால் அதை நம்பி லீவு எழுதிக் கொடுக்காதீர்கள்.

உண்மையான போட்டி ஐடஹோவுக்கும் கொலராடோவுக்கும்தான்.

ஐடஹோவில் முன்பு வெளிமாநில டேக் டிசம்பரில் முந்தி வருகிறவருக்கு என்று விற்றார்கள். கணினி முன்னால் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. 2026 சீசனிலிருந்து அதைக் குலுக்கலாக்கிவிட்டார்கள். டிசம்பர் 5 முதல் 15 வரை விண்ணப்பம், பாயிண்ட் கிடையாது. விண்ணப்பிக்கவே 185 டாலர் வேட்டை லைசன்ஸ் வாங்கியிருக்க வேண்டும், டேக் விழாவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். டேக் 650 டாலர் அளவில், அதன் மேல் வில்லுக்குத் தனி பெர்மிட். அந்தப் பெர்மிட்டுக்கு பவ்ஹன்டர் எஜுகேஷன் (வில் வேட்டைப் பயிற்சி) சான்றிதழோ, முன்பு வேறெங்காவது வில் லைசன்ஸ் வைத்திருந்ததற்கான அத்தாட்சியோ கேட்பார்கள். மொன்டானாவிலும் இப்படித்தான். டெக்சாஸ்காரர்கள் பலரிடம் சாதாரண ஹன்டர் எஜுகேஷன் மட்டும்தான் இருக்கும், முன்கூட்டியே பாருங்கள். ஐடஹோவின் நல்ல அம்சம், பல மண்டலங்களில் உயரம் குறைவு. கெட்ட அம்சம், சரிவு. வரைபடத்தில் ஒரு மைல் என்று தெரிவது கால்வைத்தால் 2,000 அடி இறக்கமாக இருக்கும். அப்புறம், டெக்சாஸிலிருந்து வண்டியில் இரண்டு முழு நாள். கறியோடு திரும்பவும் அதே இரண்டு நாள்.

கொலராடோவில் எல்க் எண்ணிக்கை இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பல வருடம் கடையில் போய்க் கேட்டாலே வில் டேக் கிடைத்த மாநிலம் அது. 2025 முதல் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தவருக்கு அது நின்றுபோய்விட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதனால் கொலராடோ முடிந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முன்பு கடையில் கிடைத்த யூனிட்டுகளில் பாயிண்டே இல்லாதவர்களுக்கும் டேக் விழ வழி இருக்கிறது. முந்தின வருடக் குலுக்கல் அறிக்கையை மாநில வனவிலங்குத் துறையே வெளியிடுகிறது, யூனிட் வாரியாக அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தில் நாலு தெரிவு எழுதலாம். முதல் தெரிவு விழுந்தால்தான் பாயிண்ட் கழியும். முதல் தெரிவாகப் பாயிண்டைக் கேட்டுவிட்டு, இரண்டாவதாகச் சுலபமான யூனிட்டை எழுதினால், வேட்டைக்கும் போய் வரலாம், பாயிண்டும் சேரும். இரண்டாம் தெரிவு விழும் யூனிட்டா என்று மட்டும் அறிக்கையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் சிறு விலங்கு லைசன்ஸ் போன்ற ஒரு தகுதி லைசன்ஸ் வாங்க வேண்டும். அதையும் சேர்த்தால் மொத்தச் செலவு ஆயிரம் டாலரை நெருங்கும். கொலராடோவில் வில்லுக்கென்று தனிச் சான்றிதழ் கேட்பதில்லை. கிரிஸ்லியும் இல்லை. அங்கே கடைசியாக அறியப்பட்ட கிரிஸ்லி 1979-ல் சான் வான் மலையில் இறந்தது. கருங்கரடி உண்டு, கறியை உயரத்தில் தொங்கவிடத்தான் வேண்டும். ஆனால் இரவில் தலைவிளக்கோடு நாலாவது நடை போகும்போது, புதருக்குள் சத்தம் கேட்டால் வரும் பயம் கிரிஸ்லிக் காட்டில் வரும் பயம் மாதிரி இல்லை.

கொலராடோவைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை கூட்டம். உண்மைதான். செப்டம்பரில் காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் பத்து வண்டி நிற்கும். வில் வேட்டையில் பத்துப் பேர் போனால் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கொண்டுவரும் காட்டுச் சாலைகள்தான் தனி ஆளுக்குக் கைகொடுப்பவை. கன்னிசன், ஒயிட் ரிவர், சான் வான் தேசியக் காடுகளில் சாலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. எங்கே நின்றாலும் 2 மைலுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடிய இடங்களைத் தேடிப் பிடிக்கலாம். பெரும்பாலானவர்கள் பாதையோடு 4 மைல், 5 மைல் உள்ளே போகிறார்கள். சாலையிலிருந்து முக்கால் மைலில், விழுந்த மரங்கள் குறுக்கே கிடக்கும் வடக்குச் சரிவில் எல்க் பகல் முழுக்கப் படுத்திருக்கும். அங்கே யாரும் நுழைவதில்லை. வரைபடத்தில் அப்படிப்பட்ட இடமாகப் பாருங்கள், ஆனால் சாலை கீழேயும் எல்க் மேலேயும் இருக்க வேண்டும். ஏறும்போது முதுகில் சுமை இருக்கக் கூடாது.

இரண்டாவது தடவை நான் அப்படித்தான் செய்தேன். கையில் ஆண், பெண் எதையும் அடிக்கலாம் என்ற டேக். செப்டம்பர் 24, மாலை ஐந்தரை. வண்டியிலிருந்து ஒன்றரை மைல், 10,000 அடிக்குச் சற்று மேல். வெயில் இருக்கும்வரை சரிவில் காற்று மேலே ஏறும். சரிவில் நிழல் விழுந்ததும் குளிர்ந்து கீழே இறங்கும். அந்த மாற்றத்துக்காகக் காத்திருந்து, எல்க் கூட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். 28 கஜத்தில் ஒரு பெண் எல்க். அம்பு முன்சப்பைக்குப் பின்னால் நுழைந்து மறுபக்கம் வெளியே போனது. முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தனியாக இருக்கும்போது இந்தக் காத்திருப்புதான் ரொம்பக் கஷ்டம், பிடித்து நிறுத்த யாரும் இல்லை. ரத்தத் தடத்தைப் பிடித்துப் போனால் 140 கஜத்தில் கிடந்தது.

வயிற்றைத் திறக்காமலே, ஒரு பக்கம் படுத்த வாக்கில் தோலை உரித்து, பின்தொடை, முன்சப்பை, முதுகுச் சதை என்று எடுத்துவிட்டு மறுபக்கம் புரட்டினேன். ஒரு ஆளால் அதைப் புரட்டுவதற்குக் கால்களை மரத்தில் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. வெட்டும்போது அவசரப்படாதீர்கள். தனி ஆளுக்கு மலையில் பெரிய ஆபத்து கரடி இல்லை, தன் கையில் இருக்கும் கத்திதான். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டி சட்டைப் பையிலேயே இருக்கட்டும். கறியைத் துணிப்பைகளில் கட்டி, ஓடைக்குப் பக்கத்தில் நிழல் மாறாத இடத்தில் தொங்கவிட்டேன். இரவு தண்ணீர் உறையும் குளிர், அதுதான் காப்பாற்றியது. வீட்டுக்காரிக்கு இன்ரீச் என்ற செயற்கைக்கோள் கருவியில் "கிடைச்சிடுச்சு, பத்திரமா இருக்கேன், ரெண்டு நடை ராத்திரி, ரெண்டு நடை காலைல" என்று செய்தி போனது. மறுநாள் பதினொரு மணிக்குக் கடைசிச் சுமையை ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன். எலும்பில்லாமல் 150 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். நோய்த்தொற்று விதிகள் காரணமாக மூளையும் தண்டுவடமும் டெக்சாஸுக்குள் வரக் கூடாது. கறியாகக் கொண்டுவந்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

பெண் எல்க் வேண்டாம், கொம்புதான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் எல்க்கை ஒரு ஆளாகச் சமாளிக்கிறவருக்கு 4 நடைக்கும் 5 நடைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கறியும் பெண் எல்க்கினுடையது மெத்தென்று இருக்கும். அதோடு, குரல் கொடுத்து ஆணை வரவழைப்பது இருவர் செய்யும் வேலை. ஒருவர் 60 கஜம் பின்னால் நின்று கூப்பிடுவார், வருகிற எல்க் முன்னால் இருப்பவரைத் தாண்டிப் போகும். தனியாகக் கூப்பிட்டால் அது நேராக நம் இடத்தைப் பார்த்தே வந்து, பெண் எல்க் எங்கே என்று 80 கஜத்தில் நின்றுவிடும். கூப்பிட்டுவிட்டு உடனே காற்றைப் பார்த்து 40 கஜம் முன்னால் நகர்ந்துவிட வேண்டும்.

எந்த வாரம் என்றால், செப்டம்பர் 20-க்குப் பிறகு. ஆண்களின் கத்தல் உச்சத்தில் இருக்கும், இரவு குளிரும். மாத நடுவில் ஒன்பது நாள் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்களும் அதே காட்டில் இருப்பார்கள். மாத முதல் வாரம் கறிக்கு ஆகாது.

5 மைல் உள்ளேதான் போவேன் என்றால் குதிரைக்காரரை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுப் போங்கள். அந்தத் தேசியக் காட்டில் தொழில் செய்ய அனுமதி உள்ளவராக இருக்க வேண்டும். செய்தி அனுப்பினால் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேட்டு எழுதி வையுங்கள். சில நூறு டாலர் ஆகும், ஆனாலும் அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டு.

விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வேட்டை லைசன்ஸுக்குக் குடியுரிமை கேட்பதில்லை, வில் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருவதில்லை. இன்னொன்று, உயரம். டாலஸ் 500 அடியில் இருக்கிறது, கன்னிசன் ஊரே 7,700 அடி. போன அன்றே 10,000 அடிக்கு ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரும். அதைக் கவனிக்கக் கூட யாரும் இல்லை. ஊரில் இரண்டு இரவு தூங்கிவிட்டு ஏறுங்கள்.

ஆக, தம்பிக்கு நான் எழுதியது இதுதான்: ஏப்ரலில் கொலராடோ, மார்ச்சில் நியூ மெக்சிகோவுக்கு ஒரு விண்ணப்பம், விழுந்தால் அங்கே, வயோமிங்குக்கு 52 டாலர், ஐடஹோ இரண்டாவது வருடத்துக்கு.

நேற்று இரவு அவர் கொலராடோ வரைபடம் ஒன்றை அனுப்பினார். மூன்று இடங்களில் வட்டம் போட்டிருந்தார், மூன்றும் சாலையிலிருந்து 2 மைலுக்குள். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவதில் சாலை மலைமுகட்டில் போகிறது. வட்டம் அதற்கு 1,200 அடி கீழே ஓடைக்கரையில். "அது வேண்டாம் தம்பி, கறியோட ஏறணும்" என்று எழுதினேன்.

"சரிண்ணா, அழிச்சிட்டேன். ரெண்டுதான் இருக்கு, இன்னொன்னு தேடுறேன்" என்று பதில் வந்தது.